கடைசிக் காவலரின் விலை

ஒரு மனிதர் இதுவரை செய்து காட்டியதற்கு விலை சொல்வதே கடினம். அவர் இனிமேல் செய்யப்போவதற்கு விலை சொல்வது அதனினும் கடினம். அப்படியொரு விலை நிர்ணயம் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் ஊரறிய நடைபெறுகிறது. அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல். நடத்தும் 'டிராஃப்ட்' எனப்படும் வீரர் தேர்வுதான் அது. இவ்வாண்டுத் தேர்வு ஏப்ரல் 23 முதல் 25 வரை பிட்ஸ்பர்க் நகரில் நடைபெற உள்ளது.

மேரிலாந்தில் வசிக்கும் என் மகளின் இல்லத்தில் சில குளிர்காலங்களைக் கழித்தபோதுதான் இந்த ஆட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. காலால் அதிகம் உதைக்கப்படாத ஒரு பந்தை ஏன் கால்பந்து என்கிறார்கள் என்ற வியப்பில் தொடங்கி, ஆட்டத்தின் நுணுக்கங்களை என் பேரனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால், பொருளாதாரம் கற்பித்த எனக்கு ஆட்டத்தைக் காட்டிலும் இந்தத் தேர்வு முறையே பெரும் ஈர்ப்பாக அமைந்தது. மனித ஆற்றலுக்கான சந்தை எப்படி இயங்குகிறது, எங்கே பிழை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் களம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

முதலில் நடைமுறை. தொழில்முறை அணிகள் 32. சுற்றுகள் ஏழு. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. வாகை சூடிய அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு. 1936 முதல் இந்த முறை நடப்பில் உள்ளது. ஐபிஎல் ஏலத்தில் போட்டியாளர்கள் விலையை ஏற்றுவார்கள். இங்கே ஏலம் இல்லை. எத்தனையாவது இடத்தில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதே அவரது முதல் நான்காண்டு ஊதியத்தை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. எந்த அணியில் ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லை.

இந்த ஆண்டு என் கவனத்தை ஈர்ப்பவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியின் கேலப் டௌன்ஸ். அவர் ஆடும் இடத்துக்குச் 'சேஃப்டி' என்று பெயர். தற்காப்பு வரிசைகளுக்கெல்லாம் பின்னால், பந்திலிருந்து பத்துப் பதினைந்து கெஜம் தள்ளி நிற்கும் கடைசிக் காவலர் அவர். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை எங்கே எறியப்போகிறார் என்பதை அவரது கண்களையும் தோள்களையும் பார்த்து உணர வேண்டும். பந்து காற்றில் இருக்கும்போதே அதைச் சென்று சேர வேண்டும். பந்தைச் சுமந்து முன்வரிசையை உடைத்து வருபவரைத் தனியாளாக மடக்க வேண்டும். முன்னால் நிற்பவர் தவறு செய்தால் பின்னால் ஒருவர் இருக்கிறார். சேஃப்டி தவறு செய்தால் பின்னால் இருப்பது எல்லைக்கோடு மட்டுமே.

டௌன்ஸின் கல்லூரி வரலாறு சிறியது; ஆனால் கனமானது. 2023-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவராக 107 முறை எதிராளிகளை மடக்கி, அந்த அணியிலேயே முதலிடம் பெற்றார். பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றதும் ஒஹாயோவுக்கு மாறினார். அந்தப் பருவத்தின் முடிவில் ஒஹாயோ, நோட்டர்டேம் அணியை 34-23 என்ற கணக்கில் வென்று தேசிய வாகையர் ஆனது. இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. மூன்று பருவங்களில் அவர் மூன்று வெவ்வேறு தற்காப்புப் பயிற்சியாளர்களின் கீழ் ஆடியிருக்கிறார். மூன்று பாடத்திட்டங்களிலும் தேறியவர் என்று சொல்லலாம். மனப்பாடத்தால் ஒரு தேர்வில் வெல்லலாம்; மூன்று பாடத்திட்டங்களில் தொடர்ந்து வெல்லப் புரிதல் வேண்டும்.

இத்தகைய வீரரை எத்தனையாவது இடத்தில் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இப்போதைய கேள்வி.

சந்தையின் வழக்கமான விடை தயக்கமானது. 1991-இல் எரிக் டர்னர் இரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பின்னர் 2025 வரை எந்தச் சேஃப்டியும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்ததில்லை. 2004-இல் ஷான் டெய்லரும் 2010-இல் எரிக் பெர்ரியும் ஐந்தாவது இடத்தைத் தொட்டதே உச்சம். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூடத் தேர்வாகவில்லை. 2025-இல் முதல் சேஃப்டி 27-ஆவது இடத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரத் தர்க்கம் உண்டு. அதை எளிதில் புறந்தள்ள முடியாது. 2011-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிய வீரரின் ஊதியம் அவர் ஆடும் நிலையைப் பொறுத்ததன்று. தேர்வு எண்ணைப் பொறுத்தது. முதல் ஐந்து இடங்களில் வருபவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1 கோடி டாலர் அளவில் செலவாகும். அவர் சிறந்து விளங்கினால், அதே தரமுள்ள அனுபவ வீரரை வெளிச்சந்தையில் வாங்க எவ்வளவு ஆகும்? குவாட்டர்பேக்கைத் தாக்கும் விளிம்பு வீரர் என்றால் 4 கோடி டாலருக்கு மேல். சேஃப்டி என்றால் சுமார் 2.5 கோடி டாலர். ஆகவே, அணிக்குக் கிடைக்கும் உபரி முன்னவரிடம் 3 கோடிக்கு மேல், பின்னவரிடம் 1.5 கோடி. போதாக்குறைக்கு, நல்ல சேஃப்டிகள் இரண்டாம் சுற்றிலும் கிடைக்கிறார்கள். ஜெஸ்ஸி பேட்ஸ் 54-ஆவது இடத்திலும், ஆன்ட்வான் வின்ஃபீல்டு ஜூனியர் 45-ஆவது இடத்திலும் தேர்வானவர்கள். கடைத்தெருவின் இறுதியிலும் அதே சரக்கு கிடைக்குமானால், முதல் கடையிலேயே ஏன் வாங்க வேண்டும் என்று மேலாளர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

முதலாவது, நிகழ்தகவு. உபரி என்பது வீரர் வெற்றி பெற்றால் மட்டுமே கிடைப்பது. ஓர் எடுத்துக்காட்டுக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்: விளிம்பு வீரர் சிறந்து விளங்கும் வாய்ப்பு பாதி, தோற்றால் அவரது மதிப்பு பூஜ்யம். 4.5 கோடியில் பாதி 2.25 கோடி; செலவு 1 கோடியைக் கழித்தால் எதிர்பார்க்கும் உபரி 1.25 கோடி. ஏறக்குறைய உறுதியான சேஃப்டி தரும் உபரியோ 1.5 கோடி. இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஆனால், ஆட்டக்கள நிலையின் விலையை மட்டும் பார்த்து மனிதரின் உறுதிப்பாட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை தலைகீழாகலாம் என்பதை அவை காட்டுகின்றன.

இரண்டாவது, சுற்றுத் தர்க்கம். சேஃப்டிக்குச் சந்தையில் குறைந்த விலை. எனவே அவர் மதிப்புக் குறைந்தவர். எனவே குறைந்த விலை. இது வட்டத்துக்குள் ஓடும் வாதம். சந்தை விலை என்பது மதிப்பின் அளவுகோலாக இருக்கலாம். நெடுநாள் பழக்கத்தின் எச்சமாகவும் இருக்கலாம். 2022-இல் அணிகள் தம் வீரரை ஓராண்டுக்குக் கட்டாயமாகத் தக்கவைக்கக் கொடுக்க வேண்டிய தொகை, பக்கவாட்டுக் காவலரான கார்னர்பேக்குக்குச் சுமார் 1.73 கோடி டாலர். சேஃப்டிக்குச் சுமார் 1.29 கோடி டாலர். மூன்றே ஆண்டுகளில், 2025 ஆகஸ்டில், ஒரு சேஃப்டி நான்காண்டுகளுக்கு 10.04 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அதாவது, ஆண்டுக்கு 2.51 கோடி. வரலாற்றில் எந்தச் சேஃப்டியும் அதுவரை பெறாத தொகை அது. அவர் பெயர் கைல் ஹேமில்டன். டௌன்ஸை மதிப்பிட விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அவருடைய வரலாறுதான்.

ஹேமில்டன் நோட்டர்டேம் பல்கலைக்கழக வீரர். உயரம் 6 அடி 4 அங்குலம். எடை 220 பவுண்டு. 2021 பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, மைதானத்தின் மறுபாதியிலிருந்து ஓடிவந்து எல்லைக்கோட்டருகே பந்தை இடைமறித்தார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அவர் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவார் என்றார்கள். அக்டோபரில் முழங்காலில் காயம். ஏழு ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. பிறகு 2022-இல் இண்டியானாபொலிஸில் நடைபெற்ற சோதனை முகாமில் 40 கெஜத்தை 4.59 நொடியில் ஓடினார். பல்கலைக்கழக வளாகத்தில் மீண்டும் ஓடியபோது நேரம் இன்னும் கூடியதாகச் செய்திகள் வந்தன. அவ்வளவுதான். 'வேகம் போதாது' என்ற சொல் பரவியது. ஏப்ரல் 28 அன்று 13 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் வந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் அணி 14-ஆவதாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

இதன் பண மதிப்பைப் பாருங்கள். அந்த ஆண்டு நான்காவதாகத் தேர்வான கார்னர்பேக் சாஸ் கார்ட்னரின் நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 3.3 கோடி டாலர்; ஹேமில்டனுடையது சுமார் 1.6 கோடி. சரிவுக்கு ஓட்ட நேரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சேஃப்டி என்ற நிலையும் ஒரு காரணம். இருந்தும், பத்து இடங்களின் இறக்கம் ஓர் இளைஞரின் முதல் ஊதியத்தைப் பாதியாக்கிவிட்டது.

அதே முதல் சுற்றில் வேறு இரண்டு சேஃப்டிகளும் தேர்வாயினர். 31-ஆவதாக டாக்ஸ்டன் ஹில், 4.38 நொடி. 32-ஆவதாக லூயிஸ் சீன், 4.37 நொடி. இருவரும் ஹேமில்டனைவிட வேகமானவர்கள். ஹில் பின்னர் கார்னர்பேக் இடத்துக்கு மாற்றப்பட்டார். சீன், லண்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில் கால் முறிந்து, பிறகு முழுமையாக நிலைபெறாமலேயே 2024-இல் மின்னெசோட்டா அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். 12-ஆவது வாய்ப்பைக் கையில் வைத்திருந்த மின்னெசோட்டா, அதை வேறு அணிக்குக் கொடுத்துப் பின்வாங்கியே சீனைத் தேர்ந்தெடுத்தது. ஹேமில்டனோ 2023-இல் நாட்டின் முதல்தரச் சிறந்த அணியில் இடம்பெற்றார். மூன்று பேரை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது. சீனின் வீழ்ச்சிக்குக் காயமே முதற்காரணம். ஆயினும், 0.2 நொடி எதையும் முன்னறிவிக்கவில்லை என்பது தெளிவு.

ஏன்? சாதாரண கணக்கு போதும். 40 கெஜ ஓட்டத்தின் இறுதியில் 0.2 நொடி என்பது ஏறக்குறைய 2 கெஜ இடைவெளி. ஆனால், சேஃப்டி ஒருவர் நேர்கோட்டில் 40 கெஜம் ஓடும் தருணங்கள் அரிது. பந்து எங்கே போகும் என்பதை அவர் 0.2 நொடி முன்னதாக உணர்ந்துவிட்டால் அந்த 2 கெஜமும் ஈடாகிவிடும். கால்களின் வேகத்தைக் கடிகாரம் அளக்கிறது. கண்ணிலிருந்து காலுக்குச் செய்தி போகும் வேகத்தை அளக்கும் கடிகாரம் அந்த முகாமில் இல்லை. அதை அறிய ஆட்டப் பதிவுகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பதிவுகளைப் பார்ப்பது கருத்து; கடிகாரம் காட்டுவது எண். கருத்துக்கும் எண்ணுக்கும் மோதல் வந்தால் குழுக்கள் பெரும்பாலும் எண்ணின் பக்கமே சாய்கின்றன.

அந்தச் சாய்வை நான் வெளியிலிருந்து குறை சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆய்வு மாணவர் சேர்க்கைக் குழு ஒன்றில் இருந்தபோது, ஓரிடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் மதிப்பெண்ணில் முந்தியவர். மற்றவர் மதிப்பெண்ணில் சற்றுப் பிந்தியவர். ஆனால் தம் ஊரில் கிணற்று நீர் விற்பனைப் பொருளானது எப்படி என்பதை, எங்களில் எவரும் யோசித்திராத கோணத்தில் விளக்கினார். நேர்காணல் முடிந்ததும் இரண்டாமவரைப் பற்றித்தான் அனைவரும் பேசினோம். ஆனால், முதலாமவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். 'நாளை யாராவது கேட்டால் மதிப்பெண்ணைக் காட்டலாம்' என்று சொன்னவன் நான்தான். அந்த முடிவு மாணவரின் திறனை முன்னிட்டு எடுக்கப்பட்டதன்று; எங்கள் பாதுகாப்பை முன்னிட்டு எடுக்கப்பட்டது.

அணிகளின் மேலாளர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். வேகமான வீரரைத் தேர்ந்தெடுத்துத் தோற்றால் துரதிருஷ்டம். மெதுவானவரைத் தேர்ந்தெடுத்துத் தோற்றால் மடமை. வேலையை இழக்க அஞ்சுபவர், சரியான முடிவைவிடத் தற்காத்துக்கொள்ளக்கூடிய முடிவையே நாடுவார். முதலாளிக்கும் முகவருக்கும் இடையே நலன்கள் முரண்படும் இந்தச் சிக்கல் பொருளாதாரத்தில் பழைய பாடம்.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் முன்வைப்பதே முறை. 2017-இல் ஆறாவது இடத்தில் தேர்வான சேஃப்டி ஜமால் ஆடம்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் அணியில் பெரும் புகழ் பெற்றார். 2020-இல் சியாட்டில் அணி இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் கூடுதலாகச் சிலவற்றையும் கொடுத்து அவரை வாங்கியது; அடுத்த ஆண்டே பெரிய ஒப்பந்தமும் அளித்தது. காயங்கள் தொடர்ந்தன. 2024-இல் அவரை விடுவித்தது. சேஃப்டிக்கு அதிக விலை கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் காட்டும் முதல் உதாரணம் இதுவே.

ஹேமில்டனின் வெற்றியும் அவருக்கே முழுதும் உரியதன்று. 2022-இன் இரண்டாவது ஆட்டத்தில், பால்டிமோர் 21 புள்ளி முன்னிலையைக் கடைசிக் கால்பகுதியில் இழந்து மயாமியிடம் 42-38 எனத் தோற்றது. நெடுந்தூர எறிதல்களுக்குத் தற்காப்பு சிதறியது. புதியவரான ஹேமில்டன்மீதும் விமர்சனம் எழுந்தது. பயிற்சியாளர்கள் அவரை ஒதுக்கிவிடவில்லை. பின்னால் மட்டும் நிறுத்தாமல் பந்துக்கு அருகிலும் நிறுத்தினார்கள். 2023-இல் இண்டியானாபொலிஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் குவாட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். திறமை விதையென்றால் பயன்பாடு நிலம். விதையை மட்டும் சோதித்துவிட்டு விளைச்சலைக் கணிக்க முடியாது.

தேர்வாளர்களின் தன்னம்பிக்கைக்கு எதிராக இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2017-இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர், கேட் மேசியுடன் இணைந்து இந்தத் தேர்வு முறையை ஆராய்ந்தார். அவர்களது ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரே நிலையில் ஆடும் இருவரில், முதலில் தேர்வானவர் அடுத்துத் தேர்வானவரைவிடச் சிறந்து விளங்கிய விகிதம் சரிபாதியைவிடச் சற்றே அதிகம் என்று அது கண்டது. ஏறக்குறைய நாணயம் சுண்டுவதற்குச் சமம். தங்கள் கணிப்பின்மீது அணிகள் கொண்டிருக்கும் நம்பிக்கை, அந்தக் கணிப்பின் தரத்தைவிட மிக அதிகம் என்பது அவர்களின் முடிவு. இந்த எச்சரிக்கை எனக்கும் பொருந்தும்.

இந்தப் பிழைகளின் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்த அணிக்கு அடுத்த ஆண்டு மீண்டும் வாய்ப்பு வரும். மோசமாக ஆடியதற்காக முன்வரிசையே கிடைக்கும். குறைத்து மதிப்பிடப்பட்ட வீரருக்கு அந்த வசதி இல்லை. பள்ளி முடித்து மூன்றாண்டுகள் ஆகாமல் இந்தத் தேர்வுக்கு வர முடியாது. வந்தபின் வாங்குபவர் ஒருவரே. விலையும் முன்கூட்டியே எழுதப்பட்டது. முழங்கால் தாங்கினால் ஹேமில்டனைப் போல நான்காம் ஆண்டில் உண்மையான விலையைப் பெறலாம். தாங்காவிட்டால் முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தம். நீண்ட காலத்தில் சந்தை தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். விளையாட்டு வீரரின் உடலுக்கு நீண்ட காலம் என்ற ஒன்று இல்லை.

இனி டௌன்ஸ். அவர் ஹேமில்டனின் நகல் அல்லர். உயரம் 6 அடி அளவில்தான். நெடிய கைகளால் பிழையை ஈடுகட்டும் வசதி அவருக்கு இல்லை. அவரது பலம் நிற்கும் இடத்தை முன்னரே அறிவதிலும், ஓடிவருபவரைத் தவறவிடாமல் மடக்குவதிலும் உள்ளது. இன்றைய ஆட்டப் போக்கும் அவருக்குச் சாதகமானது. இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி, பந்து நகர்ந்த பிறகே தங்கள் உண்மையான திட்டத்தைக் காட்டும் தற்காப்பு முறை பல அணிகளில் பரவியிருக்கிறது. குவாட்டர்பேக்கைக் குழப்பும் அந்த நாடகத்தில் முதன்மை நடிகர் சேஃப்டிதான்.

ஆகவே, என் மதிப்பீடு இது. பல இடங்களில் அவரை நிறுத்தி ஆடவைக்கும் தெளிவான திட்டம் கொண்ட அணிக்கு அவர் முதல் பத்து இடங்களுக்குள் தகுதியானவர். முன்வரிசையே சரிந்து கிடக்கும் அணிக்கு அவர் தேவையில்லை. அடித்தளம் இல்லாத வீட்டுக்கு மாடிக் காவலர் எதற்கு? இம்மாத இறுதியில் இண்டியானாபொலிஸில் சோதனை முகாம் தொடங்கும்போது அவரைப் பற்றி ஓர் எண் வெளியாகலாம். அது நன்றாக இருந்தால் மகிழ்ச்சி. நன்றாக இல்லாவிட்டால், மூன்று பருவங்களின் ஆட்டப் பதிவுகளை நான்கரை நொடியால் அழிக்கலாமா என்று தேர்வாளர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவீடு வேண்டாம் என்பதன்று என் கட்சி. எண் இல்லாத இடத்தில் பரிந்துரையும் பாரபட்சமும் புகுந்துவிடும் என்பதைக் கல்விப் புலத்தில் கண்கூடாகக் கண்டவன் நான். ஆனால், எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோமோ அந்த வேலையை அளக்க வேண்டும்; அளக்க எளிதானதை அளந்துவிட்டு அதுவே வேலை என்று நம்பக் கூடாது. அளவுகோல் தவறினால் விலை கொடுப்பவர் அதைக் கையில் பிடித்திருப்பவர் அல்லர், அதன்முன் நிற்பவர்தான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).